நவம்பர் இருபத்துமூன்று: விசேடம் எதுவுமில்லை

மகனுக்கு வாப்பாவின் ஸலாம்.

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத் திகதியை மாற்றித் தரும்படி சவூதியிலிருந்து கசெட்டில் பேசி அனுப்பினாய். அதற்காகவே வெள்ளைச் சாரனும் புதுச் சட்டையும் உடுத்து, குடையையும் எடுத்துக்கொண்டு, பெண் வீட்டாரைப் பார்க்கச் சம்மாந்துறைக்குப் போனேன். போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். திகதி மாறவில்லை. நவம்பர் இருபத்துமூன்றுதான். இதை வாசித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடேயே மிச்சத்தையும் வாசி. நீ எரிச்சலோடு இருக்கும்போதுதான் எதையும் கவனமாக வாசிப்பாய் என்பது உன்னுடைய பரீட்சைக் காலங்களில் நான் கண்டுபிடித்த விசயம்.

உன் கசெட்டை நாங்கள் எல்லோரும் கூடியிருந்துதான் கேட்டோம். நீ வழக்கம் போல ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சுகம் கேட்டாய். ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கருவாடு கொடுத்துவிடச் சொன்னாய். உன் அறையின் மின்விசிறி உன்னைவிடச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தது. பிறகு உன் குரல் தணிந்தது. "வாப்பா, வேற எந்த நாளெண்டாலும் வைங்க. அந்த நாள் மட்டும் வேணாம். அந்த நாளில நான் மாப்பிள்ளையா உடுத்துக்கிட்டு நிக்கமாட்டன். அவங்க மாத்தல்லயெண்டா அடுத்த லீவுக்குப் பாப்பம்" என்றாய். ராத்தாவின் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். உன் உம்மா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டதில் நாடா இழுபட்டு, இப்போது நீ அந்த வசனத்தை ஒரு கிழவனின் குரலில் சொல்கிறாய். உனக்கு அடுத்த லீவு கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். பெண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் அதுவரை காத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆகவே திகதியை வேண்டாம் என்று நீ சொல்வது, உனக்கே தெரியாமல் பெண்ணை வேண்டாம் என்று சொல்வதுதான்.

நாளுக்குப் பயப்படுவதற்காக உன்னை ஏசும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்த வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான். பாடசாலை வாசலில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு கரும்பலகையை மாட்டி, தினமும் காலையில் அதில் எதையாவது எழுதாவிட்டால் எனக்குத் தேநீர் இறங்காது. இன்று இந்தக் கோட்டை விழுந்தது, இன்று அந்தக் கப்பல் மூழ்கியது, இன்று இன்னாரைச் சுட்டார்கள். நல்ல செய்தியும் சில நாட்களில் இருக்கும். ஆனால் விழுந்ததையும் மூழ்கியதையும் எழுதினால்தான் பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றியது. உனக்குச் சுன்னத்து வைக்க நாள் பார்த்தபோது, அன்றைக்கு ஒரு ராஜாவின் தலையைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டவன் நான். உன் உம்மா அப்போதே சொன்னாள்: "இஞ்ச பாருங்க, எல்லா நாளும் அல்லாஹ்ட நாள்தான். செத்தவங்கட கணக்க வெச்சிக்கிட்டு உசிரோட இரிக்கிறவங்கள ஏன் பயங்காட்டுறீங்க?" நான் அதற்கு, படிப்பறிவு என்றால் என்ன என்று ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினேன். அவள் அதைக் கேட்கவில்லை, மீன் கழுவப் போய்விட்டாள்.

உன் ராத்தாவின் கல்யாணத்துக்குத் திகதி வைத்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்திருந்தது. முஹர்ரம் பிறந்தால் பத்து நாளைக்கு நம் ஊரில் யாரும் கல்யாணம் பேசமாட்டார்கள். மாப்பிள்ளை, அதாவது உன் மச்சானும் கப்பலில் வேலைக்குப் போக அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். இடையில் கல்யாணம் வைக்கக்கூடிய மூன்று வியாழக்கிழமைகள்தான் இருந்தன. மச்சானின் வாப்பா, நற்பிட்டிமுனைச் சம்பந்தி, மழைக்குச் சகதியான காலோடு வயலிலிருந்து நேரே வந்து நம் விறாந்தையில் குந்தியிருந்தார். நெல்லும் மாடும் தெரிந்த மனிதர், சிரிக்காமலே பகிடி விடுவார். முதல் வியாழன், பதினாறாம் திகதி, அவருக்குச் சரி. எனக்குச் சரியில்லை. தென்னமெரிக்காவில் ஒரு பேரரசனைச் சந்திக்க வரும்படி மரியாதையாகக் கூப்பிட்டு, வந்தவனைப் பிடித்துக் கட்டிவைத்த நாள் அது என்று விளக்கினேன். சம்பந்தி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்ப அது பொருத்தமான நாள்தானே மாஸ்டர்? எங்கட மகனையும் நீங்க அப்பிடித்தானே கூப்பிட்டுப் புடிச்சி உங்கட ஊட்டுல வெச்சிக்கிறீங்க?" என்றார். உள்ளே உன் உம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

கடைசி வியாழன் முப்பதாம் திகதி. அன்று லண்டனில் கண்ணாடியாலேயே கட்டிய பெரிய மாளிகை ஒன்று எரிந்து சாம்பலானது. நம் வீட்டிலும் கண்ணாடி அலுமாரி ஒன்று சீதனமாகப் போகவிருந்தது, ஆகவே அதுவும் வேண்டாம் என்றேன். நடு வியாழன் மிஞ்சியது. நவம்பர் இருபத்துமூன்று. என்னிடமிருந்த புத்தகங்கள் அத்தனையையும் புரட்டினேன். போர் இல்லை, தீ இல்லை, கொலை இல்லை. முந்தின நாள் அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியைச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் இருபத்துமூன்று கழுவித் துடைத்த சோற்றுச் சகன் மாதிரிச் சுத்தமாக இருந்தது. உலகத்திலேயே ஆபத்தில்லாத நாள் இதுதான் என்று சம்பந்தியிடம் அடித்துச் சொன்னேன். "திட்டமாத்தானா மாஸ்டர்?" என்றார். "சரித்திரம் பொய் சொல்லாது" என்றேன். அந்த வசனத்தை நான் சொன்ன தொனியை உன் உம்மா இன்றைக்கும் அப்படியே நடித்துக் காட்டுவாள்.

கல்யாணத்தன்று காலையிலும் நான் பாடசாலைக்குப் போனேன். "இண்டைக்குமா?" என்று உம்மா வாசலில் நின்று கத்தினாள். பலகையை வெறுமையாக விட்டால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு போய், அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'வரலாற்றில் இன்று: விசேடம் எதுவுமில்லை.' என்னோடு கணிதம் படிப்பித்த பாண்டிருப்பு மாஸ்டர் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "ரேடியோவில தாழமுக்கம், புயல் வரலாம் எண்டு சொல்லுறாங்கள், கேட்டீங்களோ?" என்றார். கார்த்திகை மாதத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வராவிட்டால்தான் செய்தி என்று நான் பதில் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

அஸர் தொழுகைக்கு முன்னாலேயே காற்றுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. தென்னைகள் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. மாப்பிள்ளை ஊர்வலம் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து சேர்ந்தபோது, மச்சானின் தொப்பி நற்பிட்டிமுனைச் சந்தியிலேயே பறந்துபோயிருந்தது. யாரோ ஒரு கிழவரின் தொப்பியைப் போட்டிருந்தார், அது காதுவரை இறங்கியிருந்தது. பள்ளிவாசல் லெப்பைக்கு வீட்டுக்குப் போக அவசரம். வழக்கமாக நீட்டி முழக்கும் மனிதர் குத்பாவை ஓடிக்கொண்டே ஓதுகிறவர் போல முடித்தார். நான் மச்சானின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிடுகுப் பந்தல் ஒரு முறை மூச்செடுத்து மேலே எழும்பியது. நான் சத்தத்தைக் கூட்டினேன். பந்தல் இன்னும் கொஞ்சம் எழும்பியது. நான் கத்தினேன். மச்சானும் பதிலுக்குக் கத்தினார். இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அழுதார்கள். ஏற்றுக்கொண்டேன் என்ற சொல் மச்சானின் வாயிலிருந்து வெளியே வந்தது, பந்தல் முழுதாகக் கழன்று ஒழுங்கையைத் தாண்டிப் போனது. பெண்கள் அந்த நேரத்திலும் முறையை விடவில்லை. உள்ளேயிருந்து குரவை போட்டார்கள். காற்று அதைவிடப் பெரிய குரவை போட்டது.

சகனில் நெய்ச்சோற்றைப் போட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து முதல் பிடி எடுத்த நேரம் கூரை ஓடுகள் உடைய ஆரம்பித்தன. நெய்ச்சோற்றைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உடனே போய்விட்டது. சகனைப் பற்றிய அக்கறை மட்டும் கூடியது. ஒவ்வொருவரும் ஒரு சகனைக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினார்கள். ஊரின் மிகப் பெரிய மனிதர்கள் காதில் சோற்றுப் பருக்கையோடு ஓடியதை நான் என் கண்ணால் கண்டேன். ஓடுவதற்கும் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ராத்தாவுக்கு நாம் கட்டிய புது வீட்டில், ஓட்டுக்குப் பதிலாகக் கொங்கிறீற் தட்டுப் போடக் கைகூடியது ஓர் அறைக்கு மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். அது மணவறை. உன் உம்மாவும் சாச்சிமாரும் மூன்று நாளாகப் பட்டுத்துணியும் கண்ணாடித் தாளும் ஒட்டிச் சோடித்த அறை. அதற்குள் பெண், மாப்பிள்ளை, இரண்டு சம்பந்திகள், லெப்பை, ஊர்வலத்தில் கோலாட்டம் ஆடி வந்த பொல்லடிக்காரர்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, அயலவர்கள், மறுநாள் வலிமா விருந்துக்கு வைத்திருந்த ஆடு என்று ஊரே புகுந்தது. பொல்லடிக்காரர்கள் தங்கள் பொல்லுகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கட்டிலின் மேல் கிழவிகள், கட்டிலின் கீழ் பிள்ளைகள். லெப்பை கடைசியாக உள்ளே வந்தார், இரண்டு கையிலும் வட்டிலப்பத் தட்டுகள். "இது வீணாப் போகப்படாது" என்றார்.

மகனே, நான் இப்படி எழுதுகிறேன் என்பதற்காக அந்த நேரம் நாங்கள் பயப்படவில்லை என்று நினைக்காதே. விளக்கு அணைந்தது. காற்று ஒரு மிருகத்தைப் போல வீட்டைச் சுற்றி வந்தது. ஒவ்வோர் ஓடாகக் கழன்று உடைவது கேட்டது. பிறகு எங்கேயோ ஒரு மதில் விழுந்தது. பிறகு ஒன்றையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. எல்லோரும் கலிமா சொன்னார்கள். நானும் சொன்னேன். உன்னை நினைத்தேன். மறுநாள் வலிமாவுக்காவது வந்து சேர நீ அன்று பகல் கொழும்பில் ரயில் ஏறியிருப்பாய், அந்த ரயில் இந்தக் காற்றுக்குள் எங்கேயோ வந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பை விட வேறெதுவும் என்னை அப்படி நடுக்கியதில்லை. உம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவளும் அதையேதான் நினைத்தாள், இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த இருட்டில், ஆட்டுக்குப் பக்கத்திலிருந்து, நற்பிட்டிமுனைச் சம்பந்தியின் குரல் நிதானமாக வந்தது. "மாஸ்டர், இருக்கிறீங்களா?" ஓம் என்றேன். "ஒரு விசயம் கேக்கோணும். இண்டைக்கி வரலாற்றுல ஒண்டுமில்லையெண்டு திட்டமாத்தானே சொன்னீங்க?" பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் சிரித்தது உன் ராத்தா. தலையை நிமிர்த்தவே கூடாத புதுப்பெண், முக்காட்டுக்குள்ளேயிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்ததாக மச்சான். பிறகு கட்டிலின் மேல், கட்டிலின் கீழ், கதவடியில், எல்லோரும். லெப்பை சிரித்ததில் வட்டிலப்பம் கை தவறி யாரோ ஒருவரின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். வெளியே உலகம் உடைந்துகொண்டிருந்தது, உள்ளே கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் விடிந்ததும் வெளியே வந்து நாங்கள் செய்த முதல் வேலை, அயல் வீடுகளில் இறந்தவர்களின் ஜனாஸா தூக்கியதுதான். வலிமாவுக்கு வைத்திருந்த ஆட்டை அறுத்து, தெருவில் அடுப்பு மூட்ட வழியில்லாத எல்லோருக்கும் சமைத்தோம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு அது கல்யாணச் சாப்பாடு என்றே தெரியாது.

பாடசாலைக்குப் பாதிக் கூரை இல்லை. என் பலகையையும் காணவில்லை. அது போனதே நல்லது என்று நான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தபோது, பாண்டிருப்பு மாஸ்டர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். அவர் வீட்டுச் சுவர் ஒன்று இல்லாமல் போயிருந்தது. அந்த நிலைமையிலும் வந்தார். "உங்கட வரலாறு எங்கட கோயில் வளவுக்குள்ள வந்து கிடந்தது மாஸ்டர்" என்றார். எழுத்து மழையில் கரைந்துவிட்டது. ஆனால் முந்தின நாள் காலையில் அதை வாசித்த பிள்ளைகள் இருந்தார்களே. அகதிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ஊர், வேறு சிரிப்புக்கு வழியில்லாத ஊர், இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'ஒண்டுமில்ல மாஸ்டர்'. மீன் சந்தைக்குப் போனால், "நாளைக்கி எப்பிடி மாஸ்டர்? ஒண்டுமில்லையா? அப்ப நான் தோணிய இழுத்துக் கட்டுறன்" என்பார்கள். புதிதாக வந்த கல்வி அதிகாரி ஒருவர் ஒரு கூட்டத்தில் என்னை, "வாங்க மிஸ்டர் ஒண்டுமில்ல" என்று மரியாதையாகவே வரவேற்றார். அதுதான் என் பெயர் என்று அவரிடம் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வருடமாக இந்தப் பெயர் எனக்குக் காலில் தைத்த முள். நம் கல்முனை முழுக்கத் தெரியும் என்பது போதாதென்று, சம்மாந்துறை வரைக்கும் போயிருக்கிறது என்பதை இப்போதுதான் அறிந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ அந்த நாளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிந்திய நாட்களைத்தான் பார்த்தாய். ரயில் பொலன்னறுவைப் பக்கம் நின்றுபோக, பாதி லொறியிலும் பாதி நடையிலுமாக நீ வந்து சேர்ந்தபோது நம் வீட்டில் யாருமில்லை. நாங்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தோம். கூரையில்லாத வீட்டைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய் என்பதை நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ஆனால் மகனே, நீ வாசற்படியில் குந்தியிருந்து, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுததை நான் கண்டேன். ஒழுங்கை முனையில் வரும்போதே கண்டேன். ஓடிவந்து கட்டிப்பிடித்திருக்க வேண்டும். உன் வயதுப் பையனுக்கு அது வெட்கமாக இருக்கும் என்று நினைத்து, வேலியைச் சுற்றிப் பின்பக்கத்தால் வந்து, பெரிதாக இருமி, "வந்திட்டீங்களா மகன், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓம் என்றாய். வழி முழுக்க நீ கண்டவற்றை நான் இன்னும் கேட்கவில்லை. உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் கசெட்டைக் கேட்டதும் ஒரு வார்த்தை மறுக்காமல் சம்மாந்துறைக்குப் போனேன்.

உன் வருங்கால மாமனாரின் அரிசி ஆலை அன்று ஓடவில்லை. அவர் அளந்து பேசுகிற மனிதர், உனக்குத் தெரியும். நமக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே நம்மை மறந்துபோகக்கூடியவர். நான் மூன்று மாற்றுத் திகதிகளைத் தயாராக வைத்திருந்தேன். அவற்றில் என்னென்ன நல்ல காரியங்கள் வரலாற்றில் நடந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான். பாதி சொல்வதற்குள் அவர், "உங்கட விருப்பம் மாஸ்டர், எந்த நாளெண்டாலும் எனக்கொண்டுதான்" என்றார். நான் நிம்மதியாகக் குடையை எடுத்தேன். அவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும், உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்திராவிட்டால். "மாமா, கொஞ்சம் இருங்க." பெண் பார்த்துப் பேசி முடித்த வீட்டில் மணப்பெண் வாய் திறப்பது முறையில்லை. அவளுடைய வாப்பா திடுக்கிட்டார். நான் குடையை மறுபடியும் கீழே வைத்தேன்.

அவளுடைய உம்மா இல்லை என்பது நமக்குத் தெரியும். எப்படி மௌத்தானார் என்பதை நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தக் காற்றில்தான், மகனே. ஆலையின் மதில் விழுந்து. அவள் திரைக்குப் பின்னால் நின்று, குரல் நடுங்காமல் சொன்னாள். நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

"அந்த நாளக் கேட்டது வாப்பா இல்ல மாமா, நான்தான். எங்கட உம்மா வருசத்துக்கு ரெண்டுதரம் மௌத்தாகிறா. பிறைக் கணக்குக்கு ஒருதரம், கத்தம் ஓதி, சோறு குடுத்து, எல்லாரும் வந்து போவாங்க. அது போதும், அது உம்மாக்கு. மறுகா இங்கிலீசுக் கலண்டருக்கு அந்தக் காத்து நாள் வரும். அண்டைக்கி ஓதுறதும் இல்ல, ஆக்களும் இல்ல. வாப்பா மில்லுக்குள்ள போய்த் தனிய இரிப்பாரு. நானும் தம்பியும் இஞ்ச தனிய இரிப்பம். எட்டு வருசம் மாமா. அந்த ரெண்டாம் நாள எனக்குத் தந்திருங்க. உங்கட ஊட்டுல அண்டைக்கி எல்லாரும் ஒரு அறைக்குள்ள இருந்து சிரிச்சாங்களாம் எண்டு எங்கட பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க. ஒண்டுமில்ல மாஸ்டர்ர ஊடு எண்டு சொன்னதாலதான் நான் இந்தச் சம்பந்தத்துக்கே ஓம் எண்டன்."

சம்மாந்துறைச் சம்பந்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அந்த நாளை ஏன் கேட்டாள் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். எட்டு வருடமாக எந்தப் பெயரைக் கேட்டு ஒழுங்கை மாறி நடந்தேனோ, அதே பெயரைச் சொல்லி ஒரு பெண் நம் வீட்டுக்குள் மருமகளாக வருகிறாள். நம் வழக்கத்தில் அவள் வருவதில்லை, நீதான் போகிறாய். வருடத்தில் ஒரு நாள் யாரும் வாய் திறக்காத வீட்டுக்குப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி கொஞ்சம்தான். மாமனார் கதைக்காவிட்டால் அதைக் கோபம் என்று எடுக்காதே. உம்மாவின் கறி ஆணத்தோடு அங்கே உள்ள ஆணத்தை ஒப்பிடாதே, ஒப்பிட்டாலும் வாய்க்குள் வைத்துக்கொள். அவளிடம் நீ பொலன்னறுவையிலிருந்து நடந்து வந்த கதையைச் சொல். எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல். அவள் சொல்வதையும் கேள். நான் செய்தது போல வேலியைச் சுற்றிப் பின்பக்கத்தால் போகாதே.

உன் உம்மா இதை நான் எழுத எழுதப் பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "புள்ளைய அழ வெச்சிராதீங்க, அவன் அங்க தனிய இரிக்கான்" என்கிறாள். ஆகவே கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவள் திரைக்குப் பின்னால் சொல்லி முடித்துவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது; வரலாற்றில் எனக்குத் தெரிந்த எதுவும் அதற்கு உதவவில்லை. கடைசியில் நான் தொண்டையைச் செருமி, திரைப் பக்கம் பார்த்து, "சரி மகள், இருபத்துமூண்டுதான். ஆனா ஒரு விசயம் கேக்கோணும். உங்கட ஊட்டு மணவறைக்குக் கொங்கிறீற் தட்டுப் போட்டிரிக்கா?" என்றேன்.

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. உன் ராத்தா அன்றைக்குச் சிரித்தது போலவே. சம்பந்தி சட்டென்று தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் அப்படி ஒரு சத்தம் கிடந்தது அவருக்கே தெரியாது போல. பிறகு அந்த மனிதர் என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, "இன்னொரு தேத்தண்ணி குடிங்க மாஸ்டர்" என்றார்.

மகனே, அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு, திகதியை மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வருமென்றால், நீயே நேரில் வந்து, அந்தத் திரைக்கு முன்னால் நின்று சொல்.

இப்படிக்கு,
ஒண்டுமில்ல மாஸ்டர்
(உன் வாப்பா)